மின்னோட்டத்துக்கும் ஒரு செலவுக் கணக்கு

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பள்ளி மூலிகைத் தோட்டத்தில் துளசியும் கற்பூரவள்ளியும் வெற்றிலைக் கொடியும் செழித்து வளர்ந்துள்ளன. விடுமுறையில் அவற்றுக்கு யார் நீர் ஊற்றுவது? வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கற்றதைக் கொண்டு ஒரு மாணவர் குழு தானாக நீர் பாய்ச்சும் கருவி ஒன்றை உருவாக்குகிறது எனக் கொள்வோம். மண்ணின் ஈரத்தை அறியும் உணரி, சிறிய மின்பம்பு, இவ்விரண்டையும் இயக்கும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை, மின்சாரம் தரும் நான்கு மறுமின்னூட்ட மின்கலன்கள் ஆகியவையே அதன் பாகங்கள்.

வகுப்பறையில் சோதித்தபோது கருவி நன்றாக வேலை செய்தது. ஆனால், வகுப்பறையில் 10 நிமிடம் இயங்கிய கருவி, ஆளில்லாத தோட்டத்தில் 9 நாள்களுக்கு இயங்குமா? இரண்டாம் நாளே மின்கலன்கள் தீர்ந்துவிட்டால், விடுமுறைக்குப் பின் வாடிக் கருகிய செடிகளைத்தான் காண நேரிடும். இந்தக் கேள்விக்கு ஊகத்தால் விடை காண முடியாது. கருவி எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

வரவும் செலவும்

கைப்பேசி மின்னூட்டியின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்பது போன்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்த 2 ஆம்பியர் என்பது மின்னூட்டி பாதுகாப்பாகத் தரக்கூடிய உச்ச அளவாகும். எந்தக் கருவியை இணைத்தாலும் அவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று அதற்குப் பொருளில்லை. எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதை இணைக்கப்படும் மின்சுற்றே முடிவு செய்கிறது. மின்னூட்டியில் உள்ள எண் வரவைப் போன்றது. மின்சுற்று இழுக்கும் மின்னோட்டம் செலவைப் போன்றது.

ஆகவே, மின்வழங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். அதன் மின்னழுத்தம் கருவிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அது தரக்கூடிய மின்னோட்டம் கருவியின் தேவையைவிடச் சற்று மிகுதியாக இருக்க வேண்டும். செலவு வரவை மிஞ்சினால், மின்வழங்கி சூடேறும், மின்னழுத்தம் குறையும், நுண்கட்டுப்பாட்டுப் பலகை நின்று நின்று மீண்டும் தொடங்கும். சில மின்வழங்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும்.

மின்கலனுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. அதில் 2000 மில்லியாம்பியர்-மணி என்று எழுதப்பட்டிருந்தால், 200 மில்லியாம்பியரை ஏறத்தாழ 10 மணி நேரத்துக்கும், 20 மில்லியாம்பியரை ஏறத்தாழ 100 மணி நேரத்துக்கும் அது தரும் எனலாம். 1.2 வோல்ட் மின்கலன்கள் நான்கினைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 4.8 வோல்ட் ஆகும். ஆனால், கொள்ளளவு நான்கு மடங்காகாது. அது 2000 மில்லியாம்பியர்-மணியாகவே இருக்கும். ஏனெனில், ஒரே மின்னோட்டமே நான்கு மின்கலன்கள் வழியாகவும் பாய்கிறது.

9 நாள்கள் என்பது 216 மணி நேரம். 2000ஐ 216ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 கிடைக்கும். அதாவது, தோட்டக் கருவி இழுக்கும் மின்னோட்டம் சராசரியாக 9 மில்லியாம்பியரைத் தாண்டக் கூடாது. இதுவே நமது செலவின் எல்லை.

மின்னோட்டத்தை அளப்பது ஏன் வேறுபட்டது?

மின்னழுத்தத்தை அளப்பது எளிது. மல்டிமீட்டரின் இரு முனைகளால் மின்கலனின் இரு முனைகளைத் தொட்டாலே போதும். நீர்த்தொட்டியில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு இது நிகராகும்.

மின்னோட்டம் அப்படிப்பட்டதன்று. குழாயில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதை அறிய, குழாயை ஓரிடத்தில் வெட்டி, நடுவே நீர்மானியைப் பொருத்த வேண்டும். அதுபோலவே, மின்னோட்டத்தை அளக்க மின்சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். மின்சுற்றில் பாயும் மின்னோட்டம் முழுவதும் மானியின் வழியாகச் செல்ல வேண்டும்.

தன் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தைத் தடுக்காதிருக்க, இந்நிலையில் மானியின் உள்தடை மிகக் குறைவாக அமைக்கப்பட்டிருக்கும். இங்குதான் ஆபத்தும் உள்ளது. மின்னோட்டத்தை அளக்கும் நிலையில் உள்ள மானியை மின்கலனின் இரு முனைகளுக்கும் நேராக இணைத்தால், அது வெறும் கம்பியைப் போலச் செயல்பட்டுக் குறுஞ்சுற்றை ஏற்படுத்தும். பல ஆம்பியர் மின்னோட்டம் ஒரே நொடியில் பாயும். மானியின் உள்ளே இருக்கும் மின்னுருகி எரிந்துபோகும். மின்னுருகி இல்லாத மலிவான மானியாக இருந்தால், மானியே சேதமடையலாம். கம்பிகள் சூடாகிக் கையைச் சுடலாம். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

அளக்கும் முறை

1. முதலில் மின்சுற்றின் விசையை அடைத்திடுக.

2. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைப் பொதுத் துளையிலும் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலும் செருகுக. சுழல்குமிழை நேர்மின்னோட்டம் அளக்கும் நிலைக்குத் திருப்புக. மின்னோட்டத்தின் அளவு தெரியாதபோது பெரிய எல்லையிலிருந்து தொடங்குவதே முறை.

3. மின்கலன் பெட்டியின் நேர்முனையிலிருந்து பலகைக்குச் செல்லும் கம்பியைக் கழற்றுக. சிவப்புக் கம்பியை மின்கலன் பெட்டியின் நேர்முனையோடும் கறுப்புக் கம்பியைப் பலகைக்குச் செல்லும் கம்பியோடும் இணைத்திடுக. கையால் பிடித்துக்கொண்டிருப்பதைவிட முதலைவாய்க் கவ்விகளைப் பயன்படுத்துவது நல்லது.

4. இணைப்புகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பின் விசையைத் திறந்து, மானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்க.

5. கருவியின் எல்லா வேலைகளையும் செய்ய வைத்து அளந்திடுக. கிடைத்த அளவுகள் அனைத்தும் மில்லியாம்பியர் துளையின் எல்லைக்குள் அடங்கினால் மட்டும், விசையை அடைத்துவிட்டுச் சிவப்புக் கம்பியை அத்துளைக்கு மாற்றி மீண்டும் அளக்கலாம். அப்போது நுட்பமான அளவு கிடைக்கும்.

6. அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை மின்னழுத்தம் அளக்கும் துளைக்கு மாற்றிவைத்திடுக.

ஆறாவது படியைப் பலர் மறந்துவிடுகின்றனர். கம்பியை மாற்றாமல் வைத்துவிட்டால், அடுத்து மின்னழுத்தத்தை அளக்க வருபவர் தம்மை அறியாமலேயே குறுஞ்சுற்றை ஏற்படுத்திவிடுவார். மானியைப் பாதுகாப்பான நிலையில் வைப்பது நமக்குப் பின் அதைப் பயன்படுத்துவோருக்கு நாம் செய்யும் கடமையாகும்.

மானியும் சுற்றின் ஓர் உறுப்பு

மானியை மின்சுற்றில் இணைத்தவுடன் அதுவும் அச்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அதன் உள்தடை குறைவுதான் என்றாலும் சுழியமன்று. எடுத்துக்காட்டாக, மில்லியாம்பியர் துளையில் உள்தடை 1 ஓம் எனக் கொள்வோம். பம்பு இயங்கும்போது 250 மில்லியாம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி மானியிலேயே 0.25 வோல்ட் இழக்கப்படும். 4.8 வோல்ட்டில் இயங்க வேண்டிய பலகைக்கு 4.55 வோல்ட் மட்டுமே கிடைக்கும். 10 ஆம்பியர் துளையின் உள்தடை இதைவிட மிகக் குறைவு. ஆதலால், அத்துளையைப் பயன்படுத்தும்போது இழப்பும் குறையும்.

மின்னோடி தொடங்கும் கணத்தில் நிலைமை இன்னும் கடினமாகும். சுழலாமல் நிற்கும் மின்னோடி, சுழலும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். சுழலத் தொடங்கிய பின் மின்னோடியே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் மின்னோட்டம் தணியும். அந்தத் தொடக்கக் கணத்தில் மில்லியாம்பியர் துளையின் மின்னுருகி எரிந்துபோகலாம். அல்லது மின்னழுத்தம் குறைந்து பலகை மீண்டும் தொடங்கலாம். மானியை இணைத்த பிறகே ஒரு கருவி தடுமாறுகிறது என்றால், குறை கருவியில் இருக்க வேண்டும் என்பதில்லை. மானியை அகற்றிவிட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒரு நொடியில் சில முறை மட்டுமே அளவைப் புதுப்பித்துக் காட்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் உச்ச மின்னோட்டம் அதன் திரையில் தெரியாது. அத்தகைய மாற்றத்தைக் காண அலைவுகாட்டி என்னும் கருவி தேவைப்படும்.

யார் உண்மையான செலவாளி?

இனி, தோட்டக் கருவியின் செலவைக் கணக்கிடுவோம். இங்குத் தரப்படும் அளவுகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் கருவியை நீங்களே அளந்து உங்கள் எண்களைப் பயன்படுத்த வேண்டும்.

பம்பு இயங்கும்போது 250 மில்லியாம்பியரும், பலகை விழித்திருக்கும்போது 50 மில்லியாம்பியரும் இழுக்கின்றன எனக் கொள்வோம். இவ்விரண்டில் மின்கலன்களை விரைவில் தீர்ப்பது எது? பம்புதான் என்று பலரும் சொல்வார்கள். கணக்கிட்டால் உண்மை தெரியும்.

பம்பு ஒரு நாளில் 1 நிமிடம் மட்டுமே இயங்குகிறது. 9 நாள்களில் 9 நிமிடம். ஆகவே, அதன் மொத்தச் செலவு 37.5 மில்லியாம்பியர்-மணி. பலகையோ இரவு பகலாக 216 மணி நேரமும் விழித்திருக்கிறது. அதன் செலவு 10,800 மில்லியாம்பியர்-மணி. மின்கலன்களில் இருப்பதோ 2000 மட்டுமே. பலகை மட்டும் இயங்கினாலும் 40 மணி நேரத்தில் மின்கலன்கள் தீர்ந்துவிடும். பெரும் ஓசையோடு இயங்கும் பம்பு சிறு செலவாளி. ஓசையின்றி இருக்கும் பலகையே பெருஞ்செலவாளி.

இதற்குத் தீர்வு உண்டு. மண்ணின் ஈரத்தை ஒவ்வொரு நொடியும் பார்க்கத் தேவையில்லை. மணிக்கு 1 நிமிடம் விழித்து ஈரத்தைப் பார்த்துவிட்டு, மற்ற 59 நிமிடமும் பலகை உறங்குமாறு நிரலை மாற்றலாம். மாற்றிய பின் மீண்டும் அளக்கிறோம். உறக்க நிலையில் 8 மில்லியாம்பியர் எனக் காட்டுகிறது. இப்போது 9 நாள்களுக்கான செலவைப் பார்ப்போம். உறக்கத்துக்கு ஏறத்தாழ 1,700, விழிப்புக்கு 180, பம்புக்கு 37.5. மொத்தம் ஏறத்தாழ 1,917 மில்லியாம்பியர்-மணி.

2000க்குள் அடங்கிவிட்டது என்று மகிழலாமா? கூடாது. மின்கலன்கள் அச்சிடப்பட்ட அளவு முழுவதையும் எப்போதும் தருவதில்லை. பழைய மின்கலன்களின் கொள்ளளவு குறைந்திருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்னூட்டம் மெல்லக் குறையும். மேலும், மின்கலன்கள் தீரும் தறுவாயில் மின்னழுத்தம் குறைவதால் பலகை முன்னதாகவே நின்றுவிடலாம். ஆகவே, கணக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பது நன்றன்று.

உறங்கும் பலகை ஏன் 8 மில்லியாம்பியரை இழுக்கிறது? இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். ஈர உணரியைக் கழற்றியதும் மானி 3 மில்லியாம்பியர் எனக் காட்டுகிறது. பலகை உறங்கினாலும் உணரி விழித்தே இருந்து 5 மில்லியாம்பியரை இழுத்து வந்துள்ளது என்பது புலனாகிறது. பலகை விழிக்கும்போது மட்டும் உணரிக்கு மின்சாரம் கிடைக்குமாறு இணைப்பை மாற்றினால், மொத்தச் செலவு ஏறத்தாழ 855 மில்லியாம்பியர்-மணியாகக் குறையும். இது கொள்ளளவில் பாதியைவிடக் குறைவு. இனி நம்பிக்கையோடு கருவியைத் தோட்டத்தில் விட்டுச் செல்லலாம்.

அளப்பதற்கான பிற வழிகள்

மின்னோட்டத்தை அளக்க வேறு வழிகளும் உள்ளன. முதலாவது, சிறிய மின்தடையத்தைப் பயன்படுத்துவது. 0.1 ஓம் மின்தடையம் ஒன்றைச் சுற்றில் தொடராக இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட் கிடைத்தால், ஓம் விதிப்படி 0.5 ஆம்பியர் பாய்கிறது என்று அறியலாம். பல மல்டிமீட்டர்களும் தம் உள்ளே இதே முறையில்தான் மின்னோட்டத்தை அளக்கின்றன.

இரண்டாவது, யு.எஸ்.பி. மானி. மின்னூட்டிக்கும் கைப்பேசிக்கும் நடுவே செருகப்படும் இச்சிறு கருவி மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் திரையில் காட்டும். கைப்பேசியின் மின்கலன் நிறைய நிறைய மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதை இதன்வழி நீங்களே காணலாம்.

மூன்றாவது, கவ்வுமானி. இதற்குச் சுற்றைத் துண்டிக்க வேண்டியதில்லை. 1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிவியலாளர் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் இதனை மேலும் ஆராய்ந்தார். அவர் நினைவாகவே, 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலக மின்னியல் மாநாட்டில் மின்னோட்டத்தின் அலகுக்கு ஆம்பியர் எனப் பெயரிடப்பட்டது. கம்பியைச் சுற்றி உருவாகும் அந்தக் காந்தப் புலத்தையே கவ்வுமானி அளக்கிறது. மின்சாரம் செல்லும் கம்பி, திரும்பும் கம்பி ஆகிய இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மானி சுழியத்தைக் காட்டும். ஆகவே, ஒரு கம்பியை மட்டுமே கவ்வ வேண்டும். சில மில்லியாம்பியர் போன்ற சிறு மின்னோட்டத்தைச் சாதாரணக் கவ்வுமானியால் அளக்க இயலாது.

எந்த வழியில் அளந்தாலும், எந்த இடத்தில் அளந்தோம் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் மின்னூட்டியின் வெளியீடு 10 வாட். இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இந்த 10 வாட்டைப் பெற 230 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 0.043 ஆம்பியர் போதும். இரண்டும் ஒரே கருவியின் மின்னோட்டங்கள்தாம். ஆனால், எண்கள் முற்றிலும் வேறானவை.

பாதுகாப்பே முதன்மை

மாணவர்களே, மேற்கூறிய செய்முறைகள் யாவும் மின்கலன் அல்லது 5 வோல்ட் மின்னூட்டியின் வெளியீடு போன்ற குறைந்த மின்னழுத்தச் சுற்றுகளுக்கு மட்டுமே உரியவை. சுவர்ச் செருகுவாயில் உள்ள 230 வோல்ட் மின்சாரம் உயிரைப் பறிக்கவல்லது. அதன் கம்பியைத் துண்டித்து அளக்க ஒருபோதும் முயலாதீர்கள். மின்னூட்டியின் உறையைத் திறப்பதும் ஆபத்தானது. செருகுவாயிலிருந்து இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய வேலைகளைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிட வேண்டும். பள்ளிப் பட்டறையில் ஆசிரியரின் கண்காணிப்பில் மட்டுமே செய்முறையை மேற்கொள்ள வேண்டும்.

ஒரு கருவி இயங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு காலம் இயங்கும், எந்தப் பாகம் வீண்செலவு செய்கிறது, மின்வழங்கி அதைத் தாங்குமா என்பவற்றை அளந்தால்தான் சொல்ல முடியும். அளந்து, கணக்கிட்டு, குறையைக் களைந்து, மீண்டும் அளப்பவரே பிறர் நம்பிப் பயன்படுத்தும் கருவியை உருவாக்க முடியும்.

கருத்துணர் கேள்விகள்

1. மின்னூட்டியில் குறிப்பிடப்பட்டுள்ள 2 ஆம்பியர் எதனைக் குறிக்கிறது?

2. மின்னோட்டத்தை அளக்கும் நிலையில் உள்ள மானியை மின்கலனின் இரு முனைகளோடு நேராக இணைக்கக் கூடாது. ஏன்?

3. பம்பு மிகுதியான மின்னோட்டத்தை இழுத்தாலும் அது ‘சிறு செலவாளி’ எனப்படுவதன் காரணத்தை விளக்குக.

4. மொத்தச் செலவு 1,917 மில்லியாம்பியர்-மணியாக இருந்தும் அது போதுமானதன்று எனக் கட்டுரை ஏன் கூறுகிறது?

5. இதே கருவியை 14 நாள்களுக்கு இயக்க வேண்டுமெனில், அது இழுக்கக்கூடிய சராசரி மின்னோட்டத்தின் எல்லை என்ன? கணக்கிட்டு, உங்கள் விடையைக் குழுவில் கலந்துரையாடுக.